மரைக்காயர், மரிக்கார், மெரிக்கன்: ஒரு பெயர் கடல் கடந்த கதை

மலேசியாவின் பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்தை 1995 முதல் 2010 வரை தலைமையேற்று நடத்தியவர் பெயர் முகமது ஹசன் மரிக்கான். அதே நாட்டில் 2021இல் வீட்டுவசதி, உள்ளாட்சித் துறைக்கு அமைச்சராக வந்தவர் ரீசல் மெரிக்கன் நைனா மெரிக்கன். கொழும்பில் 1877இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார். காரைக்காலில் பிறந்து, 29 வயதிலேயே புதுச்சேரி முதலமைச்சர் ஆனவர் எம்.ஓ.எச். ஃபாரூக் மரைக்காயர். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்காகப் போர்த்துக்கீசியரைக் கடலில் எதிர்த்து நின்றவர்கள் குஞ்ஞாலி மரக்கார்கள்.

மரிக்கான், மெரிக்கன், மரிக்கார், மரைக்காயர், மரக்கார். எல்லாம் ஒரே பெயர்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள், ஏன் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டது என்று தேடிப் போனால், தமிழ்க் கடற்கரையின் ஐந்நூறு ஆண்டு வணிகம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

முதலில் ஒரு தவறான வழியை அடைத்துவிடலாம். மெரிக்கன் என்று கேட்டவுடன் அமெரிக்காவோடு முடிச்சுப் போடத் தோன்றும். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாகிலி மொழியில் ‘மெரிக்கானி’ என்றொரு சொல் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்து இறங்கிய வெளுக்காத பருத்தித் துணிக்கு அந்தப் பெயர். அது உண்மையிலேயே அமெரிக்காவிலிருந்து பிறந்தது. மலேசியாவின் பினாங்குத் தீவில் வழங்கும் மெரிக்கன் அப்படியல்ல. இன்னொரு வேடிக்கையான பொருத்தமும் இருக்கிறது. போர்த்துக்கீசிய மொழியில் ‘மெர்கார்’ என்றால் வாங்குவது, வணிகம் செய்வது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய ஆவணங்களில் கொச்சியின் மரக்கார் வணிகர்கள் மெர்க்கார், மர்க்கார் என்றெல்லாம் பதிவாகியிருக்கிறார்கள். எழுதிய குமாஸ்தாவின் காதில் அவருடைய தாய்மொழிச் சொல் ஒலித்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனாலும் அது தற்செயல்தான். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு வேர் தேடினால் உலகத்தில் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் கட்டிவிட முடியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம், ஏனென்றால் இந்தப் பெயருக்குச் சொல்லப்படும் மிகப் புகழ்பெற்ற விளக்கமும் ஒலி ஒற்றுமையில்தான் நிற்கிறது.

யார் இந்த மரைக்காயர்கள்? தமிழ் பேசும் முஸ்லிம்களில், கடற்கரைப் பட்டினங்களில் வேர்விட்டவர்கள். பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று கரையை ஒட்டியே இவர்களுடைய ஊர்கள் வரும். மண்டபத்துக்குப் பக்கத்தில் மரைக்காயர்பட்டினம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தில் பல வழிகள் உண்டு; அதில் இவர்கள் ஷாஃபி வழி. உள்நாட்டில் பரவியிருக்கும் இராவுத்தர்கள் ஹனஃபி வழி. இதைச் சும்மா ஒரு தகவலாகக் கடந்து போகக் கூடாது. மலபாரும் ஷாஃபி வழி, இந்தோனேசியாவும் மலேசியாவும் ஷாஃபி வழி, ஏமனின் ஹள்ரமௌத்தும் அப்படியே. இந்தியப் பெருங்கடலில் கப்பல் போன வழியெல்லாம் ஷாஃபி வழி பரவியிருக்கிறது. வடக்கிலிருந்து தரைவழியாக வந்த ஆட்சிகளோடும் படைகளோடும் ஹனஃபி வழி வந்தது. ஆகவே மரைக்காயர் என்ற பெயரைக் கேட்கும்போது கடலை நினைப்பது சரியான நினைப்புதான்.

இராவுத்தர் என்ற பெயரும் தொழிலிலிருந்து வந்தது. குதிரை வீரனுக்கு அந்தப் பெயர். அருணகிரிநாதர் முருகனையே மயிலேறும் இராவுத்தன் என்று பாடியிருக்கிறார். அந்த அளவுக்கு அது அன்றைய தமிழில் பழகிப்போன சொல். குதிரைக்கு ஒரு பெயர் இருந்தால் கப்பலுக்கும் ஒன்று இருக்கும் அல்லவா?

இருந்தாலும் மரைக்காயர் என்பது இந்த மக்களின் மிகப் பழைய பெயர் அல்ல. அதற்கு முன்னால் சோனகர் என்ற பெயர் இருந்தது. யவனர் என்ற சொல்லோடு உறவுடையது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சோனகர் தெருக்கள் உண்டு. இலங்கை முஸ்லிம்கள் இன்றைக்கும் அரசுப் பதிவேடுகளில் சோனகர்தான். அயல்நாட்டு வணிகர்களின் குழுவுக்கு அஞ்சுவண்ணம் என்று பெயர். 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. சோனகர் என்பது ‘எங்கிருந்து வந்தவர்’ என்று சொல்கிறது. அஞ்சுவண்ணம் ‘எந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்’ என்று சொல்கிறது. மரைக்காயர் என்ற பெயர் வரும்போதுதான் ‘என்ன வைத்திருப்பவர், என்ன செய்பவர்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது.

சரி, வேர்ச்சொல்லுக்கு வருவோம்.

ஊர்களில் கேட்டால் பலரும் முதலில் சொல்வது அரபுக் கதை. ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியரில் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். சொந்த நாட்டில் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த முதல் அரபிகள் இந்தக் கரையில் இறங்கினார்களாம். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டார்களாம். மொழி தெரியாத அவர்கள் தங்கள் படகைக் காட்டி ‘மர்க்கப்’ என்றார்களாம். அன்றிலிருந்து அவர்கள் மரக்காயர்.

அரபு மொழியில் மர்க்கப் என்றால் ஏறிச் செல்லும் ஊர்தி. கப்பலுக்கும் அது பொருந்தும். ர-க-ப என்ற வேர், ஏறுவதைக் குறிப்பது. வானத்தில் ‘பெகாசஸ்’ என்ற பறக்கும் குதிரைக் கூட்டத்தில் ஒரு விண்மீனுக்கு மர்க்கப் என்று பெயர் உண்டு. அங்கே சேணம் என்ற பொருளில் நிற்கிறது. ஆக, சொல் உண்மை, பொருளும் உண்மை. கதைதான் இடிக்கிறது.

கரையில் இறங்கியவன் எதையோ காட்டி ஒரு சொல்லைச் சொல்ல, கேட்டவன் அதையே பெயராக வைத்துக்கொண்டான் என்ற வகைக் கதை உலகம் முழுக்க உண்டு. பெயருக்கு விளக்கம் தெரியாதபோது பின்னால் புனையப்படும் கதையின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதோடு, அரபு வணிகர்களும் தமிழ்க் கரையும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகச் சந்தித்த காலம் ஒன்றே இருந்திருக்க வாய்ப்பில்லை. இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேற்கிலிருந்து கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. துபாஷி வேலைக்கு, அதாவது மொழிபெயர்த்துச் சொல்வதற்கு, ஆள் கிடைக்காத கரையா இது?

கதையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பார்த்தாலும் சிக்கல் தீராது. கடல் தொழிலில் அரபுச் சொற்கள் தமிழுக்கு நிறையவே வந்திருக்கின்றன. மாலுமி என்ற நம் சொல் அரபு ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது, கப்பலுக்கு வழிகாட்டுபவர். சுக்கான் என்பது அரபிலும் சுக்கான்தான். பாரசீகத்திலிருந்து நாகுதா வந்தது, கப்பல் தலைவர். இவை எல்லாம் எப்படி வந்தன என்று பாருங்கள். பொருளைச் சொல்லும் சொல்லாகத் தனியாக வந்து, தமிழில் நிலைத்து, எல்லோர் வாயிலும் புழங்கின. மர்க்கப் அப்படி வந்திருந்தால் கப்பலுக்கு ‘மர்க்கபு’ என்று சொல்லும் பழக்கம் நமக்கு வந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று பொதுப் பேச்சில் நிலைக்கவில்லை. கப்பலைக் குறிக்கும் சொல் தங்காமல், கப்பல்காரரைக் குறிக்கும் சொல் மட்டும் தங்கியது என்பது நம்புவதற்குக் கடினம். மேலும் மர்க்கப் என்பதன் கடைசி எழுத்து எங்கே போயிற்று, ‘கா’ என்ற நெடில் எங்கிருந்து முளைத்தது, யகரம் எப்படி வந்தது என்று மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாகச் சமாதானம் தேட வேண்டியிருக்கிறது.

தமிழிலேயே மரக்கலம் என்ற சொல் இருக்கிறது. கலம் என்றால் பாத்திரம், கப்பல் இரண்டும். மேலே சொன்ன அகநானூற்றுப் பாட்டு யவனரின் கப்பலை நன்கலம் என்றுதான் அழைக்கிறது. மரக்கலம், மரக்கப்பல். இங்கிருந்து தொடங்கினால் பாதை எளிதாகிறது. ஆனால் எளிது என்பதற்காக மட்டும் நான் இதன் பக்கம் சாயவில்லை. இரண்டு அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, கர்நாடகத்தின் உடுப்பிக் கரை. அங்கே மொகவீரர் என்ற மீனவச் சமூகத்தில் ‘மரக்கால’ என்று ஒரு குடும்பப்பெயர் உண்டு. அவர்கள் இந்துக்கள். அரபியோடு கலப்பு, அரபுக் கப்பல், துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த கதை எதுவும் அவர்களுக்கு வேண்டியதில்லை. கலம் ஓட்டுபவர்கள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு, சிங்களம். இலங்கையில் முஸ்லிம்களைக் குறிக்கச் சிங்களத்தில் ‘மரக்கல’ என்று ஒரு சொல் நெடுங்காலமாக இருக்கிறது. இன்று அதைப் பல இடங்களில் ஏளனமாகவும் வீசுகிறார்கள், அது வேதனையான விஷயம். ஆனால் சொல்லின் உடலைப் பாருங்கள். மரக்கலம் என்ற முழுச் சொல்லும் லகரத்தோடு அப்படியே உள்ளே இருக்கிறது. மர்க்கப் என்பதிலிருந்து இந்த லகரம் வரவே வராது. ஒரே கடலில், மதத்தால் வேறுபட்ட சமூகங்களுக்கு, ஒரே வேரிலிருந்து பெயர் வந்திருக்கிறது என்றால், அந்த வேர் மரக்கலம்தான் என்று கொள்வதே நியாயம்.

இப்படிச் சொல்வதால் மரைக்காயர்களின் அரபுத் தொடர்பு குறைந்துவிடாது. மக்களின் பூர்வீகம் வேறு, அவர்களுக்குக் கிடைத்த பெயரின் பூர்வீகம் வேறு. அரபி ஒருவருக்குத் தமிழர்கள் தமிழில் பெயர் வைத்திருக்கலாம். இரு மொழியும் தெரிந்த துறைமுகத்தில் மரக்கலம் என்ற சொல்லும் மர்க்கப் என்ற சொல்லும் காதில் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். அரபு தெரிந்த ஆலிம்களுக்கு அந்தப் பொருத்தம் பிடித்துப்போயிருக்கும், கதை அங்கிருந்து வளர்ந்திருக்கும்.

முன்பாதி இப்படித் தீர்ந்தாலும் பின்பாதி அவ்வளவு சுலபமாக இல்லை. ‘காயர்’ என்றால் என்ன?

பரவலாகச் சொல்லப்படுவது மரக்கலராயர் என்ற விளக்கம். மரக்கலத்துக்கு ராயர், அதாவது கப்பல்களுக்குத் தலைவர். சாமூதிரி மன்னர் கொடுத்த பட்டம் என்று மலபாரில் சொல்வார்கள். அரசர் கொடுத்த பட்டம் என்று எந்தக் குடும்பமும் சொல்லிக்கொள்ளத்தான் செய்யும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ராயர் என்ற விகுதியில் அமைந்த பட்டப்பெயர்கள் இடைக்காலத் தமிழகத்தில் குவிந்து கிடக்கின்றன. சம்புவராயர், காடவராயர், மழவராயர், பல்லவராயர். அந்த வரிசையில் மரக்கலராயர் இயல்பாகப் பொருந்தும். மரக்கலராயர் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். லகரமும் ரகரமும் அடுத்தடுத்து வரும்போது நாக்கு ஒன்றை விழுங்கும், பிறகு இன்னொன்றையும் விழுங்கும். இந்தக் கரையில் பெயர்கள் இதைவிட அதிகமாகவே உருமாறியிருக்கின்றன. கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிறு மரைக்காயரின் பெயர்தானே சீதக்காதி ஆயிற்று! ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று சொல்லும் எத்தனை பேருக்கு அதற்குள் ஷெய்கு அப்துல் காதிறு இருப்பது தெரியும்?

கேரளத்து மரக்கார் என்ற வடிவத்துக்கு ராயர் தேவையில்லை. காரர் என்ற விகுதி மலையாளத்தில் ‘கார்’ என்று நிற்கும். வீட்டுகார், நாட்டுகார் என்பது அன்றாடப் பேச்சு. மரக்கலக்காரர் குறுகினால் மரக்கார். ஆனால் காரர் என்பது காயர் ஆகாது. தமிழில் ரகரம் அப்படி யகரமாவதில்லை. ஆகவே மேற்குக் கரையில் ‘கார்’, கிழக்குக் கரையில் ‘ராயர்’ என்று ஒரே முன்பாதிக்கு இரண்டு கரைகளும் தத்தம் வழக்கப்படி வால் கட்டின என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இலங்கை இரண்டு கரையிலிருந்தும் ஆட்களை வாங்கிக்கொண்ட தீவு. அங்கே மரைக்காயர், மரைக்கார், மரிக்கார் மூன்றும் புழங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு விளக்கம் உண்டு. மார்க்கம் என்ற சொல்லிலிருந்து மார்க்கக்காரர், அதிலிருந்து மரக்கார். மலையாளத்தில் மதம் மாறுவதை மார்க்கம் கூடுவது என்பார்கள், தமிழ் முஸ்லிம்களும் இஸ்லாத்தை மார்க்கம் என்றே சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மார்க்கத்தில் இருப்பவர் எல்லோருக்கும் பொதுவாக வந்திருக்க வேண்டிய பெயர், கப்பல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஏன் ஒட்டியது? இந்தக் கேள்விக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

இன்னும் ஒரு சின்ன முடிச்சு. மரம் என்பதிலிருந்து வந்த பெயர் என்றால் மரக்காயர் என்றுதானே இருக்க வேண்டும், மரைக்காயர் என்று ஏன் எழுதுகிறோம்? தமிழில் சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி அகரம் போலவே ஒலிக்கும். இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் என்பார்கள். தலைவர் என்று எழுதுகிறோம், பேசும்போது ‘தலவர்’. இப்படிப் பழகியவர், அகரமாக ஒலிக்கும் சொல்லை எழுதும்போது, ‘இதுவும் ஐகாரமாகத்தான் இருக்கும்’ என்று திருத்தமாக எழுதுவதாக எண்ணி ஐகாரம் போடுவது உண்டு. மரக்காயர் மரைக்காயர் ஆனது அப்படித்தான் என்பது என் கணிப்பு. பிறகு எழுத்தே நிலைத்துவிட்டது. சிலர் வல்லின றகரம் போட்டு ‘மறைக்காயர்’ என்று எழுதி, மறை ஓதியவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். அது எழுத்தைப் பார்த்துச் சொன்ன பொருள். மலையாளத்தின் மரக்காரிலும் சிங்களத்தின் மரக்கலவிலும் இடையின ரகரமே இருப்பதால் அதற்கு இடமில்லை.

இனி அந்தப் பெயர் எங்கெல்லாம் போயிற்று என்று பார்க்கலாம்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே மரக்கார் வணிகர்கள் போர்த்துக்கீசிய ஏடுகளில் தலைகாட்டுகிறார்கள். முதலில் எதிரிகளாக அல்ல. கொச்சியில் போர்த்துக்கீசியருக்கு மிளகு சேர்த்துக் கொடுத்தவர்களே அவர்கள்தான். கடல் முழுவதும் எங்களுடையது, எங்கள் சீட்டு இல்லாமல் எந்தக் கப்பலும் ஓடக் கூடாது என்று போர்த்துக்கீசியர் ஆரம்பித்த பிறகுதான் பகை முற்றியது. குஞ்ஞாலிகளின் குடும்பம் கொச்சியை விட்டுப் பொன்னானிக்குப் போய்ச் சாமூதிரியோடு சேர்ந்தது, பின்னர் வடகரைக்குப் பக்கத்தில் கோட்டக்கல்லில் கோட்டை கட்டியது. நான்கு தலைமுறை அந்தப் பட்டத்தைச் சுமந்தது. நான்காம் குஞ்ஞாலியைக் கடைசியில் சாமூதிரியே போர்த்துக்கீசியரோடு கைகோத்து முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதி வாங்கிக்கொண்டு சரணடைந்த அவரைப் போர்த்துக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுபோய் 1600இல் தலையை வெட்டினார்கள். இந்தியக் கடற்படை மும்பையிலுள்ள தன் தளம் ஒன்றுக்குக் குஞ்ஞாலி என்று பெயர் வைத்திருக்கிறது.

கிழக்குக் கரையில் கதை வேறு. இங்கே மரைக்காயர்கள் போரைவிட வணிகத்தாலும் கொடையாலும் பேசப்பட்டார்கள். சீதக்காதி உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டினார்; அவர் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு கொடுத்தார். ஒரு காப்பியத்தின் முன்னும் பின்னும் இரண்டு மரைக்காயர்கள் நிற்கிறார்கள். துணியும் அரிசியும் அனுப்பி, பாக்கும் மிளகும் யானையும் கொண்டுவந்த பணம் தமிழுக்கு இப்படி வந்து சேர்ந்தது.

அந்தக் கப்பல்கள் போன இடங்களில் ஒன்று மலாக்கா நீரிணை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியபோது, பக்கத்திலுள்ள கெடாவில் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். 1794இல் லைட் எழுதிய அறிக்கை, பினாங்கில் சூலியாக்கள் ஏறக்குறைய 1,000 பேர் இருப்பதாகவும், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து போவதாகவும் சொல்கிறது. அந்தச் சமூகத்துக்குத் தலைவராக இருந்த காதர் முகைதீன் மெரிக்கன்தான் 1801இல் தொடங்கிய கபித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குக் காரணமானவர். ஜார்ஜ் டவுனில் நூர்தீன் தெரு என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பெருவணிகர் முகமது மெரிக்கன் நூர்தீனின் பெயர் அது.

மெரிக்கன் என்று ஏன் ‘ன்’ போட்டு முடிகிறது? மரைக்காயர் என்பதன் ஒருமை மரைக்காயன். இதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. கல்வெட்டுகளில் பெரிய பெரிய தலைவர்களே பல்லவரையன், மூவேந்தவேளான் என்று ‘ன்’ விகுதியில்தான் நிற்கிறார்கள். ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லும்போது ‘ர்’ போட்டுக்கொள்வது தமிழ் வழக்கமும் இல்லை. பிரிட்டிஷ் குமாஸ்தா முன்னால் நின்று மரைக்காயன் என்று சொன்னால், அவர் காதில் விழுந்தது மரிக்கான், மெரிக்கன். பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலிலும் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் ஆண்ட இலங்கையிலும் ‘ர்’ தங்கியது, பினாங்கில் ‘ன்’ தங்கியது.

அங்கே அது உண்மையான குடும்பப்பெயராகவும் ஆனது. மலாய் முஸ்லிம்களுக்குப் பொதுவாகக் குடும்பப்பெயர் கிடையாது. பெயர், பிறகு ‘பின்’, பிறகு தந்தை பெயர். அந்தக் கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வரும் மெரிக்கன் தனியாகத் தெரிகிறது. பேசும் மொழி மலாய் ஆகி, திருமணங்கள் மலாய்க் குடும்பங்களோடு நடந்து, தமிழ் வீட்டைவிட்டுப் போன பிறகும் இந்த ஒரு தமிழ்ச் சொல் போகவில்லை. மேலே சொன்ன அமைச்சரின் தந்தை பெயரைப் பாருங்கள். நைனா மெரிக்கன் என்பது முழுக்க நம்மூர் நெய்னா மரைக்காயர்தான். அந்த நெய்னாவும் நயினார் என்ற மரியாதைச் சொல்லிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது நேர்மாறு. இங்கே அது குடும்பப்பெயராக இறுகவில்லை. ஊரில் மூத்தவரை அழைக்கும் மரியாதையாகவும், கொடுக்கல் வாங்கலில் வீட்டு அடையாளமாகவும் இருந்தது. அடுத்த தலைமுறை தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு அதை விட்டுவிடும். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பெயரில் கொள்ளுத்தாத்தா வரை முதலெழுத்துகளாக நிற்கிறார்கள். மரைக்காயர் மட்டும் இல்லை. தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப்போன படகு அவருடைய தந்தையுடையது. சொல்லின் மூலப்பொருளை அப்படியே வாழ்ந்த கடைசித் தலைமுறைகளில் ஒருவர் அந்தத் தந்தை. நீராவிக் கப்பல் வந்து பாய்மரத்தை ஓரங்கட்டிய பிறகு, பெரும்பாலான மரைக்காயர் குடும்பங்களுக்குக் கப்பல் என்பது பெயரில் மட்டும் மிஞ்சியது.

இலங்கையில் இரண்டும் நடந்தன. தெற்கிலும் மேற்கிலும் மரிக்கார் குடும்பப்பெயர் ஆனது. கொழும்பு அருங்காட்சியகம் முடிந்ததும் வாப்பிச்சி மரிக்காரிடம் ஆளுநர் கிரெகரி என்ன வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகச் சொல்வார்கள். கிழக்குக் கரையிலோ அது ஒரு பதவியின் பெயராக இன்றும் உயிரோடு இருக்கிறது. காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் முஸ்லிம்களுக்குத் தாய்வழியில் வரும் குடிகள் உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு பிரதிநிதி. அவருக்குத்தான் மரைக்கார் என்று பெயர். அவரிடம் கப்பல் இருக்க வேண்டியதில்லை, தந்தை மரைக்காராக இருந்திருக்க வேண்டியதும் இல்லை. கப்பல் வைத்திருந்தவர் ஊருக்குப் பெரியவர் ஆனார், பெரியவர் பள்ளிவாசலை நடத்தினார், கடைசியில் கப்பல் உதிர்ந்து பெரியவர் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் வழக்கம் இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்கும் ஊர்களில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதும், குடி தாய்வழி போவதும் புரிந்துகொள்ளக் கூடியவை.

இந்தப் பெயரைத் தாங்கிய குடும்பங்களில் இப்போது பலர் முன்னோரைத் தேடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தமிழ் எழுத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே வடிவத்தைத் தேடினால் பாதி ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். காரைக்காலின் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே பிரெஞ்சு உச்சரிப்பில், மரிக்கார் என்ற சாயலில் தேட வேண்டும். டச்சுக் கம்பெனி ஆவணங்கள் ஹேக்கில், போர்த்துக்கீசிய ஆவணங்கள் லிஸ்பனில். அங்கே மர்க்கார், மெர்க்கார். பினாங்கு உயில்களிலும் நிலப்பதிவுகளிலும் மெரிக்கன், மரிக்கான். அண்ணன் ஒரு எழுத்திலும் தம்பி இன்னொரு எழுத்திலும் பதிவாகியிருக்கக் கூடும், எழுதியவர் யார், எந்த மொழிக்காரர் என்பதைப் பொறுத்தது அது. முன்னால் வரும் நெய்னா, தம்பி, லெப்பை போன்ற சொற்களையும் தனிப்பெயர் என்று தள்ளிவிடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் பலர் இருக்கும்போது எந்த வீடு என்று பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் அவைதான்.